பிள்ளைகளிடம் நற்குணம் வளர: கிறிஸ்தவ வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அன்று எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில், அதாவது பிள்ளைகளுக்கான ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில், மனப்பாட வசனப் போட்டி. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் பத்துக் கற்பனைகளையும் (கட்டளைகளையும்) ஒரு சொல் பிசகாமல் சொல்லி முதல் பரிசு வாங்கினான் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். அரை மணி நேரம் கழித்து, காணிக்கைப் பையிலிருந்து இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டவனும் அவன்தான். நான் பார்த்துவிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனை நிறுத்தி, "இப்பத்தானே களவு செய்யாதிருப்பாயாகன்னு சொன்ன?" என்று கேட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் வரவில்லை.

எட்டாம் கற்பனை அவனுக்கு நன்றாகவே தெரியும். தவறிவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்பதுதான் தெரியாது. அதைக் காட்டித்தரவேண்டிய இடத்தில் இருந்த நான் அவனை வெட்கப்படுத்தி அனுப்பிவிட்டேன்.

இருபது வருடத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியிலும் நாள் பள்ளியிலும் பாடம் சொல்லிக்கொடுத்து, வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. செய்த தப்பைச் சரிசெய்யப் பிள்ளை பழகும் இடத்தில்தான் நற்குணம் வேர் பிடிக்கிறது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதைச் சுற்றியே வரும். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள், கத்தோலிக்க வீடுகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் சொற்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

படி 1: ஒரு குணத்தில் தொடங்குங்கள்

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைப் பவுல் அடுக்குகிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இதைப் பார்த்ததும் ஒன்பது கட்டம் போட்ட அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி, நட்சத்திரம் ஒட்டத் தொடங்கிவிடுகிறோம். நானும் ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது வாரத்திலேயே பிள்ளைகள் நட்சத்திரத்துக்காக நல்லவர்களாக இருக்கப் பழகிவிட்டார்கள்.

அங்கே பவுல் 'கனிகள்' என்று பன்மையில் எழுதவில்லை, 'கனி' என்றுதான் எழுதியிருக்கிறார். ஒன்று உண்மையாக வளர்ந்தால் மற்றவை கூடவே வரும். அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால், அந்தப் பட்டியலில் அந்தப் பேரில் இல்லாவிட்டாலும், உண்மை பேசுவதில் என்பேன். உண்மை பேசப் பயப்படாத பிள்ளையிடம் மற்ற எதைப் பற்றியும் பேசலாம். பயந்த பிள்ளையிடம் ஒன்றைப் பற்றியும் பேச முடியாது.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துப் பாருங்கள். 1779-ல் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப ஆங்கிலேயருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆங்கிலேயரின் தூதர்களை நம்பாத ஹைதர் அலி, இவர் வந்தால் ஏமாற்றமாட்டார் என்று நம்பி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவரை ஏற்றுக்கொண்டார். எதிரிப் படையின் தலைவரே ஒரு மனிதருடைய சொல்லை நம்பினார். பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "உன் வகுப்புல உனக்குப் பிடிக்காத பையன்கூட நீ சொன்னா நம்புவானா?" என்று கேளுங்கள். என் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பிறகு வந்த அமைதி எந்தப் பிரசங்கத்துக்கும் வந்ததில்லை.

வயதையும் பார்க்கவேண்டும். நான்கு வயதுப் பிள்ளை, "யானை எங்க வீட்டுக்கு வந்துச்சு" என்று சொன்னால் அது பொய் அல்ல, கற்பனை. அதைக் கண்டிக்க வேண்டாம். ஏழு எட்டு வயதில் தண்டனைக்குப் பயந்து பொய் வரும். பன்னிரண்டுக்கு மேல், பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பது தொடங்கும். மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வேலை செய்யாது.

படி 2: குடும்ப ஜெபத்தைச் சரிப்படுத்துங்கள்

நம் வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு, அதாவது இன்னும் விட்டுப்போகாத வீடுகளில். ஆனால் பல பிள்ளைகளுக்கு அந்த நேரம் பிடிக்காது. காரணம் நாம்தான். "ஆண்டவரே, இவன் கணக்குல முப்பது மார்க்தான் வாங்கியிருக்கான், இவனுக்குப் புத்தியைக் கொடும், செல்போன் ஆசையை எடுத்துப்போடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுகிறோம். பிள்ளையால் பதிலும் பேச முடியாது, ஆமென் சொல்லவேண்டும். அந்த ஜெபம் பரலோகத்துக்குப் போகவில்லை, பிள்ளையின் காதுக்குத்தான் போகிறது என்பது அதற்கே தெரியும். இதை இன்றே நிறுத்துங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். ஒரு பாட்டு. பிறகு ஒரு கதைப் பகுதி, ஐந்தாறு வசனத்துக்கு மேல் வேண்டாம். அதைப் பிள்ளையே தமிழில் வாசிக்கட்டும். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டக்கூட வருவதில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார், பள்ளிகள் தொடங்கினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அங்கேயே அச்சிட்டார். மக்கள் தங்கள் தாய்மொழியில் வேதத்தைத் தாங்களே வாசிக்கவேண்டும் என்பதுதான் அத்தனை பாட்டுக்கும் காரணம். முந்நூறு வருடம் கழித்து அவர் தந்ததை நம் வீட்டுப் பிள்ளை வாசிக்க முடியாமல் நிற்பது எனக்குத் தாங்கவில்லை. இரவுக்கு இரண்டு வசனம் சத்தமாக வாசித்தால் ஒரு வருடத்தில் சரளமாகிவிடும்.

வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வசனத்திலேயே இல்லாத கேள்வியாக. யோசேப்பின் கதை என்றால், "அண்ணன்மார் அவனைக் குழியில போட்டுட்டு உட்கார்ந்து சாப்பிட்டாங்களே, அந்தச் சாப்பாடு அவங்களுக்கு இறங்கியிருக்குமா?" என்று கேட்கலாம். பிள்ளை என்ன சொன்னாலும் திருத்தாமல் கேளுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு வரி ஜெபம். அவ்வளவுதான்.

உபாகமம் 6-ஆம் அதிகாரம் வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பேசச் சொல்கிறது. நான்கில் ஒன்றுதான் உட்கார்ந்து பேசுவது. என் மகனோடு நான் பேசிய முக்கியமான பேச்செல்லாம் ஸ்கூட்டரில், அவன் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது நடந்தவை. முகத்தைப் பார்க்காமல் பேசுவது ஆண்பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கிறது.

படி 3: பிள்ளையிடம் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள்

நம் ஊரில் இது பழக்கமில்லை. பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். கோபத்தில் அடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, "தோசை வேணுமா?" என்று கேட்போம். அதுதான் நம் மன்னிப்பு. பிள்ளைக்கு அது புரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தப்பைத் தப்பு என்று வாயால் எப்படிச் சொல்வது என்பதை அது கற்றுக்கொள்ளாது. பிறகு அந்தப் பிள்ளை தன் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை என்று கோபப்படுகிறோம்.

எபேசியர் 6-ல் பிள்ளைகளுக்குச் சொன்ன கீழ்ப்படிதல் நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு மூன்று வசனம் தள்ளி, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்குச் சொன்னதை எந்தப் போட்டியிலும் கேட்பதில்லை. கொலோசெயர் 3:21 இன்னும் ஒரு படி மேலே போய்க் காரணமும் சொல்கிறது: அவர்கள் திடனற்றுப்போகாதபடிக்கு. பத்து வயதில் திடனற்றுப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எதைக் கேட்டாலும், "தெரியல டீச்சர்" என்பார்கள்.

எப்படிக் கேட்பது? சுருக்கமாக, 'ஆனால்' இல்லாமல். "நேத்து உன்னை எல்லாரும் இருக்கும்போது திட்டினது என் தப்பு. உனக்கு எவ்வளவு வெட்கமா இருந்திருக்கும். என்னை மன்னிச்சிரு." இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "நீயும் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று சேர்த்தால் மன்னிப்பு முறிந்துவிடும். அந்தப் பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை உடனே, "பரவாயில்லம்மா" என்று சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. கணவனும் மனைவியும் பிள்ளைகள் முன்னால் சண்டை போட்டால், சமாதானத்தையும் அவர்கள் முன்னாலேயே செய்யுங்கள். சண்டை கூடத்தில், சமாதானம் அறைக்குள் என்றால் பிள்ளை பாதிப் படத்தைத்தான் பார்க்கிறது.

படி 4: தப்பு நடந்த பிறகு என்ன செய்வது

இந்தப் படியை நிதானமாக வாசியுங்கள், மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

முதலில் பிரம்பைப் பற்றிப் பேசிவிடலாம். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று நீதிமொழிகள் 13:24 சொல்கிறதே என்று கேட்பார்கள். அங்கே பிரம்பு என்று வரும் எபிரெயச் சொல் ஷேவெத். அதே சொல்தான் 23-ஆம் சங்கீதத்திலும் வருகிறது. நம் வேதாகமத்தில் அங்கே 'கோல்' என்று இருக்கிறது. "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." மேய்ப்பனின் கையில் இருக்கும் கோல் ஓநாயை விரட்டும், வழி தப்பிய ஆட்டைத் திருப்பும். அதைப் பார்த்தால் ஆட்டுக்கு ஆறுதல் வருகிறது. உங்கள் கையில் இருப்பதைப் பார்த்து உங்கள் பிள்ளைக்கு ஆறுதல் வருகிறதா? நீதிமொழிகளுக்கு வேறு விதமாகப் பொருள் சொல்பவர்களும் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் அடி வாங்கிய பிள்ளை, அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் செய்யக் கற்றுக்கொள்வதைத்தான் நான் இத்தனை வருடமும் கண்டிருக்கிறேன். பள்ளியில் இது சட்டத்தின் விஷயமும்கூட: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. என் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி இரண்டாவது வகையில் சேரும்.

அடிக்கு மாற்றாக வேதமே ஒரு முறையை வைத்திருக்கிறது: திருப்பிக் கொடுத்தல். ஆட்டைத் திருடி விற்றவன் ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடு கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம் 22. ஏமாற்றி எடுத்ததை முழுவதும் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பலியோடு வா என்கிறது லேவியராகமம் 6. பொருளுக்கு உரியவனிடம் முதலில், ஆண்டவரிடம் பிறகு. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயுவும், இறங்கியதும் பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதற்கு நாலத்தனையும் கொடுப்பதாகச் சொன்னான். இயேசு அவனை வெட்கப்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

வீட்டில் இதை நான் செய்யும் வரிசை இது. முதலில் பிள்ளையைத் தனியே கூப்பிடுகிறேன். எனக்குக் கோபம் இருந்தால், "ராத்திரி பேசலாம்" என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிவிடுகிறேன், "நீ எடுத்தியா இல்லையா?" என்று கேட்டுப் பொய் சொல்ல வழி திறந்துவிடுவதில்லை. அடுத்து, யாருக்கு என்ன நஷ்டம் என்று பிள்ளையையே சொல்லச் சொல்கிறேன். அப்புறம்தான் முக்கியமான கேள்வி: "இதை எப்படிச் சரி பண்ணலாம்?" பிள்ளைகள் சொல்லும் பதில் நாம் கொடுக்க நினைத்த தண்டனையைவிடக் கடினமாக இருப்பதும் உண்டு; அப்போது குறைக்கவேண்டியது நம் வேலை. கடைசியாக, சரிசெய்யப் போகும்போது கூடவே போகிறேன். தனியாக அனுப்பினால் அது தண்டனை, கூடப் போனால் துணை. முடிந்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. உறவினர் வந்தால் சொல்லிச் சிரிப்பதில்லை. இந்தக் கடைசி விதியைத்தான் நம் வீடுகளில் அதிகமாக மீறுகிறோம்.

தொலைந்துபோன பென்சிலுக்குப் புதுப் பென்சிலும் ஒரு ரப்பரும். உடைத்த பொம்மைக்கு, தன் பொம்மை ஒன்று. கேலி செய்ததற்குத் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டான் என் மகன். யோசித்துவிட்டு, யார் முன்னால் கேலி செய்தானோ அவர்கள் முன்னாலேயே அந்தப் பையனைப் பற்றி ஓர் உண்மையான நல்ல விஷயம் சொல்வதென்று அவனே முடிவு செய்தான். அதைச் செய்ய அவனுக்கு நான்கு நாள் ஆனது.

மூன்று வாரம் வராத அந்தப் பையனிடம் வருகிறேன். நான்காவது வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பையனை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டது என் தப்பு என்று சொன்னேன். அவன் தலை குனிந்து நின்றான். பிறகு, "தங்கச்சிக்கு முட்டாய் வாங்கத்தான் டீச்சர்" என்றான். பத்து ரூபாயை எப்படித் திருப்பலாம் என்று கேட்டபோது, அவனிடம் காசு இல்லை. ஆறு வாரம் சீக்கிரமே வந்து பாய் விரித்து, பாட்டுப் புத்தகம் அடுக்கித் தருகிறேன் என்றான். சரி என்றேன். காசை நான் போட்டுவிட்டேன், அவனிடம் சொல்லிவிட்டுத்தான். ஆறு வாரம் முடிந்த பிறகும் அவன் பாய் விரித்துக்கொண்டிருந்தான். ஆனால் முன்வரிசையில் உட்கார நெடுநாள் ஆனது. என் ஒரு நிமிடக் கோபத்தின் விலை அது.

படி 5: காசும் கை வேலையும்

காணிக்கை போடப் பிள்ளையின் கையில் கோவில் வாசலில் பத்து ரூபாய் திணிக்கிறோம். அது நம் காணிக்கை, பிள்ளை வெறும் தபால்காரர். வாரம் கொஞ்சம் கைச்செலவுக்குக் கொடுத்து, அதிலிருந்து அதுவே முடிவு செய்து போடட்டும். குறைவாகப் போட்டாலும் கேட்காதீர்கள். என் பாட்டி உலையில் அரிசி போடும் முன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். கைப்பிடி அரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் எத்தனையோ காரியங்கள் அந்தப் பானைகளால் நடந்தன. இல்லாத வீட்டிலும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று நான் படித்த பாடம் அது. பாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அதையே மறுபடி தொடங்கலாம், பிள்ளையின் கையாலேயே பிடி அள்ளச் சொல்லி.

வீட்டு வேலையில் ஆண்பிள்ளைக்குத் தனிச் சலுகை வேண்டாம். சீஷர்களின் கால்களைக் கழுவினவரைப் பற்றிப் பாட்டுப் பாடிவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தங்கை கழுவட்டும் என்று அண்ணன் எழுந்து போனால் பாட்டு வீண்.

படி 6: சாதியைப் பற்றி வாய் திறந்து பேசுங்கள்

கிறிஸ்தவ நற்குணம் என்று எழுதுகிறவர்கள் பலர் இதைத் தொடாமல் தாண்டிவிடுகிறார்கள். என்னால் முடியாது. நம் சபைகளுக்குள்ளேயே இது இருக்கிறது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை முழுவதுமாக விடவேண்டும் என்று கட்டளையிட்டார். அதை ஏற்க மனமில்லாமல் அன்றைக்குச் சபையை விட்டுப் போனவர்கள் ஏராளம். இன்றைக்கு யாரும் போவதில்லை. சபைக்குள் இருந்துகொண்டே, பெண் பார்க்கும்போது மட்டும் சாதி நினைவு வருகிறது.

2023 ஆகஸ்டில் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். சாதிதான் காரணம். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைப் போக்க வழி சொல்லும்படி அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் பரிந்துரைத்தது. அரிவாளை எடுத்த கைகளும் ஒரு காலத்தில் சிலேட்டுப் பிடித்த சின்னக் கைகள்தான். அவற்றுக்கு யார் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்து அந்த வாரம் முழுக்க என்னால் வகுப்பில் இயல்பாக நிற்க முடியவில்லை.

செய்யவேண்டியவை இவை. நல்ல சமாரியன் கதையைச் சொல்லும்போது, 'சமாரியன்' என்றால் இரக்கமுள்ளவன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். யூதர்கள் சமாரியரோடு தண்ணீர்ப் பாத்திரம்கூடப் பகிரமாட்டார்கள் என்பதை யோவான் 4-லிருந்து விளக்கிவிட்டு, "நம்ம ஊருல கதை நடந்தா அடிபட்டவன் யாரு, தூக்கி விட்டவன் யாரு?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். பெரியவர்கள்தான் நெளிவார்கள். அடுத்தது, வீட்டுப் பேச்சு. "அவங்க நம்ம ஆளுங்க இல்ல" என்று தொலைபேசியில் நீங்கள் தாழ்ந்த குரலில் சொல்வது பிள்ளையின் காதில் விழுகிறது. பிள்ளையின் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே தம்ளர். நீங்களும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். அழைப்பது சுலபம், போவதுதான் பரீட்சை. ஆசிரியராக இருந்தால் உட்காரும் வரிசையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், சத்துணவு வரிசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பாருங்கள், கயிற்றைக் கண்டால் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

படி 7: பள்ளியும் வீடும் ஒரே திசையில்

மிஷன் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்க முடியாது. சேர்க்கும் முன் தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்காமல், "ஒரு பிள்ளை பரீட்சையில் காப்பி அடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். "சத்துணவு ஆயாவைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்றும் கேளுங்கள். பதில்களிலிருந்து பள்ளியைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் வேறு சமயத்தவர். அரசு நிதி பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3)-ஆம் பிரிவு. இதனால் நம் வேலை குறைந்துவிடாது. சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் வளர்ந்தவர் தஞ்சை இளவரசர் சரபோஜி. அவர் தம் சமயத்திலேயே இருந்தார். ஆனால் சுவார்ட்ஸ் 1798-ல் இறந்தபோது தகப்பனை இழந்தவர்போல் அழுதார், லண்டனில் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லித் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். இன்றும் போய்ப் பார்க்கலாம். ஓர் ஆசிரியரின் நேர்மையும் பாசமும் எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். நீதிபோதனை வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரைவார்க்காமல் நடத்தினாலே பாதி வேலை முடிந்தது. அந்த வகுப்பில் புத்தகம் வாசிக்க வேண்டாம், அந்த வாரம் பள்ளியில் நடந்த ஒன்றை எடுத்து, பேர் சொல்லாமல் பேசுங்கள்.

ஓய்வுநாள் பள்ளிக்காரர்களுக்கும் ஒன்று. 1780-ல் இங்கிலாந்தின் குளாஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் இதைத் தொடங்கியது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. நம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளையை வசனப் போட்டியில் கடைசியில் நிறுத்துவதற்குப் பதில், பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். மனப்பாட வசனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதான காலத்தில், கண் தெரியாதபோது, என் பாட்டிக்குத் துணை நின்றவை எட்டு வயதில் படித்த வசனங்கள்தான்.

படி 8: கீழ்ப்படிதலுக்கு எல்லை

பெரியவர்கள் சொன்னால் கேட்கவேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுத்த பிள்ளை, தீங்கு செய்யும் பெரியவரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கும். அவர் ஆசிரியராக இருக்கலாம், உறவினராக, சபையில் மதிப்புள்ளவராக இருக்கலாம். ஆசாரியன் ஏலியின் குமாரர் தேவாலயத்தில் செய்த அக்கிரமத்தை வேதம் மறைக்கவில்லை. அவர்களை அடக்காத தகப்பனையும் விடவில்லை. அதை ஏலியின் முகத்துக்கு நேரே சொல்ல வைக்கப்பட்டது சின்னப் பையன் சாமுவேல்.

உடம்பைத் தொடுவதில் சங்கடம் வந்தால், "வேண்டாம்" என்று சொல்லவும், உடனே வந்து சொல்லவும் ஐந்து வயதிலிருந்தே பழக்குங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். சபையின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது, காயப்பட்ட பிள்ளையை இரண்டாம் முறை காயப்படுத்துவது.

படி 9: பதின்பருவம்

விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்பு வரும் வயதில் கேள்விகள் வரும். கடவுள் இருக்கிறாரா? சபையில் தேர்தலுக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? காணிக்கைக் கணக்கை ஏன் காட்டுவதில்லை? முதல் கேள்வியைவிட மற்ற இரண்டும்தான் பெரியவர்களுக்குக் கோபம் வரவைக்கின்றன. வாயை அடைக்காதீர்கள். நியாயமான கேள்வி என்றால், "ஆமா, அது தப்புதான்" என்று சொல்லுங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பாமல், சீஷன் தோமா அவருடைய காயத்தைப் பார்க்கவேண்டும் என்றபோது அவனை யாரும் அறையை விட்டு வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்தும் அவன் அவர்களோடுதான் இருந்தான்.

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து", முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்ற நீதிமொழியைச் சொல்லி, வழி மாறிய பிள்ளைகளின் பெற்றோரைக் குத்துகிறவர்கள் உண்டு. அது ஞானமொழி. வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் போகும் என்று சொல்கிறது, ரசீது எழுதித் தரவில்லை. கெட்ட குமாரன் கதையில் தகப்பனிடம் என்ன குறை இருந்தது?

என் மகள் பதினாறு வயதில், "எனக்கு ஜெபத்துல உட்கார மனசு இல்ல" என்றாள். அவள் அப்பாவுக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "சரிம்மா, ஆனா அந்த நேரத்துல டிவி போடாதே" என்று மட்டும் சொன்னோம். தினமும் எட்டரை மணிக்கு வழக்கம்போல் பாய் விரித்தோம், பாடினோம். அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபிப்பதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அவள் அறைக் கதவு சில நாள் மூடியிருக்கும், சில நாள் ஒருக்களித்திருக்கும். ஐந்து மாதம் இப்படியே போனது. ஒருநாள் ராத்திரி நான் தவறான ராகத்தில் பாட்டை எடுத்துவிட்டேன். உள்ளே இருந்து, "அம்மா, அது அப்படி இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்து, நிலைப்படியில் சாய்ந்து நின்று, சரியான ராகத்தில் எடுத்துக்கொடுத்தாள்.